போதைப் பழக்கச் சிகிச்சையைத் தொடங்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மது, புகையிலை, கஞ்சா, ஹெராயின் போன்ற அபினி வகைப் பொருள்கள், தூக்க மாத்திரைகள், கொக்கைன் போன்ற ஊக்கிகள் ஆகியவற்றின் பிடியிலிருந்து விடுபட முதன்முதலாக உதவி தேடுவோரும் அவர்களுடைய குடும்பத்தாரும் ஆலோசனை அறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. மற்ற எதையும் படிக்க நேரமில்லாதவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவரும் நாள்தோறும் தூக்க மாத்திரை எடுப்பவரும் மருத்துவரைக் கேட்காமல் ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. ஏன் என்பது கீழே விளக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு என் பழக்கம் முற்றிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மட்டும் வைத்து மருத்துவர்கள் இதை முடிவு செய்வதில்லை. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது உங்கள் கையை விட்டுப் போயிருக்கிறதா, வேலை, உறவு, உடல்நலம் ஆகியவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அந்தப் பொருள் முதலிடம் பிடித்திருக்கிறதா, முன்பிருந்த அளவு போதாமல் போவதும் நிறுத்தினால் உடல் தவிப்பதும் தொடங்கியிருக்கின்றனவா என்ற மூன்றையும் பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பின்படி, இவற்றுள் இரண்டு தொடர்ந்து இருந்தால் அது சார்பு நிலை எனப்படும்.

மதுவுக்கு மட்டும் ‘ஆடிட்’ என்ற கேள்வித்தாளை அதே நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் பழக்கம் தீங்கான எல்லைக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். அதை நிரப்பும்போது பெரும்பாலோர் தடுமாறுவது அளவுக் கணக்கில்தான். ‘இரண்டு முறை ஊற்றிக்கொண்டேன்’ என்பது அளவாகாது. பத்து கிராம் தூய ஆல்கஹால் ஒரு நிலையான அளவு என்று வைத்துக்கொண்டால், 40 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட மது 180 மில்லி குடிப்பவர் ஏறக்குறைய ஆறு அளவு குடிக்கிறார். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டும்போதுதான் பலர் முதன்முறையாக நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

கேள்வி: முழுமையாக விட்டுவிடுவது என்று முடிவெடுத்த பிறகுதான் வர வேண்டுமா?

வேண்டியதில்லை. சிகிச்சைக்கு வருவதைத் தள்ளிப்போட வைப்பதில் இந்த எண்ணத்துக்குத்தான் முதலிடம் என்பது என் கருத்து. விட வேண்டும் என்ற நினைப்பும் விட முடியாது என்ற நினைப்பும் ஒரே மனத்தில் ஒரே நேரத்தில் இருப்பது இந்த நோயின் இயல்பு. அந்த இழுபறியோடு வருபவர்களுக்காகவே ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற முறை இருக்கிறது. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் இதை முதலில் எழுதினார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரிவாக்கினார். ஆலோசகர் வாதாடி வற்புறுத்தினால், எதிரில் இருப்பவர் பழக்கத்துக்கு ஆதரவாகப் பேசத் தொடங்கிவிடுவார் என்பது இதன் அடிப்படை.

நடைமுறையில் அது இப்படி இருக்கும். “இந்தப் பழக்கத்தை மாற்றுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்” என்று ஆலோசகர் கேட்பார். நீங்கள் ‘நான்கு’ என்று சொன்னால், ஏன் எட்டு இல்லை என்று அவர் கேட்க மாட்டார். ஏன் ஒன்று என்று சொல்லாமல் நான்கு என்று சொன்னீர்கள் என்று கேட்பார். அதற்கு விடை சொல்லும்போது, மாறுவதற்கான காரணங்களை நீங்களே உங்கள் வாயால் எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

குறைத்துக்கொள்வது மட்டுமே இப்போதைய விருப்பம் என்றாலும் அதைச் சொல்லிக்கொண்டே வரலாம். முதல் சந்திப்புக்கு வந்ததால் நீங்கள் எதற்கும் கட்டுப்பட்டுவிடுவதில்லை.

கேள்வி: முதலில் யாரிடம் போவது?

மனநல மருத்துவர், மருத்துவமனையின் மனநலப் பிரிவு, போதை மீட்பு மையம், நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவர் ஆகிய நால்வருள் யாரிடம் எளிதாகப் போக முடியுமோ அவரிடம். சரியான இடத்தைத் தேடிக்கொண்டே மாதங்களைக் கடத்துவதை விட, கைக்கெட்டும் இடத்தில் தொடங்கி அங்கிருந்து பரிந்துரை பெற்றுக்கொள்வது மேல்.

கேள்வி: முதல் சந்திப்பில் என்ன நடக்கும்?

பெரும்பகுதி பேச்சுத்தான். எந்தெந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாக, குடித்தா புகைத்தா ஊசி வழியாகவா, இதற்கு முன் நிறுத்திப் பார்த்தபோது என்ன ஆயிற்று, அப்போது வலிப்பு வந்ததா, வேறு நோய்கள், வேறு மருந்துகள், தூக்கம், மனநிலை, தற்கொலை எண்ணம், வீட்டில் யார் இருக்கிறார்கள், வேலை எப்படி இருக்கிறது என்று கேள்விகள் வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட வேண்டும் என்பதில்லை. சொல்லத் தயக்கமாக இருப்பதை ‘இதை அடுத்த முறை பேசுகிறேன்’ என்று விட்டுவிடலாம்.

இரண்டு கேள்விகளுக்கு மட்டும் அன்றே உண்மையான விடை தேவை: கடைசியாக எப்போது எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள். விலகல் அறிகுறிகள், அதாவது பொருளை நிறுத்தியதும் உடலில் தோன்றும் தவிப்புகள், எப்போது உச்சத்துக்குப் போகும் என்பதையும் எந்த மருந்தை எப்போது தொடங்கலாம் என்பதையும் அந்த விடையை வைத்துத்தான் கணிக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, அபினி வகைப் பொருள் உடலில் இன்னும் வலுவாக இருக்கும்போது, அதற்கான சிகிச்சை மருந்தாகிய பியூப்ரெனார்ஃபின் கொடுத்தால், அதுவே கடுமையான விலகல் அறிகுறிகளைத் திடீரெனக் கிளப்பிவிடும். வெட்கத்தால் பாதி அளவைச் சொல்பவருக்குப் பாதி மருந்துதான் கிடைக்கும். மூன்றாம் நாள் இரவில் அவதிப்படுவது அவர்தான்.

பிறகு உடல் பரிசோதனை. இரு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வார்கள். நடுக்கம் கண்ணுக்குத் தெரிகிறதா, விரல் நுனியைத் தொட்டால்தான் உணர முடிகிறதா என்று பார்ப்பார்கள். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், வியர்வை, கண்ணின் பாவை விரிந்திருக்கிறதா சுருங்கியிருக்கிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா, ஊசி போட்ட இடங்களில் சீழ் இருக்கிறதா என்பவையும் கவனிக்கப்படும். இரத்தத்தில் கல்லீரல் செயல்பாடு, தேவைப்பட்டால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள். ஹெபடைடிஸ் சி இருப்பதாகத் தெரிந்தால் இடிந்துபோக வேண்டாம். இன்று 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு அது குணமாகிவிடுகிறது. சிறுநீர்ச் சோதனை உங்களைப் பொய்யர் என்று நிரூபிப்பதற்காகச் செய்யப்படுவதன்று. சந்தையில் விற்கப்படும் பொருளில் என்ன கலந்திருக்கிறது என்பது எடுப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

கேள்வி: நானே வீட்டில் ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன?

எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தது.

மது ஆபத்தானது. மது மூளையின் அடக்கும் பகுதியை ஓயாமல் தூண்டுவதால், அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்சிலரேட்டரையும் மிதித்து வண்டி ஓட்டுவது போன்ற நிலை அது. மதுவை எடுத்துவிட்டால் பிரேக் மட்டும் போய்விடுகிறது. கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குக் கடுமையான மனக்குழப்பம் ஏற்படும்: நாள், இடம் தெரியாது, இல்லாத பூச்சிகளைப் படுக்கையிலிருந்து தட்டிவிடுவார்கள், காய்ச்சல் ஏறும், இதயம் படபடக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிரைப் பறிக்கக்கூடியது. நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் ஒருவர் உளறத் தொடங்கினால் அதைப் ‘போதை தெளியாத பேச்சு’ என்று விட்டுவிடாமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போக வேண்டும். மருத்துவக் கண்காணிப்பில், அளவைப் படிப்படியாகக் குறைக்கும் பென்சோடையசெபின் வகை மருந்துகளால் இவற்றைத் தடுக்க முடியும். கூடவே தயமின் எனப்படும் பி1 வைட்டமின் கொடுக்கப்படும். நெடுநாள் குடித்தவர்களுக்கு அது குறைந்துபோனால் மூளையில் நிலையான நினைவிழப்பு ஏற்படலாம்.

தூக்க மாத்திரைகளும் இதே பாதையில்தான் வேலை செய்கின்றன. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில், சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

ஹெராயின், வலிநிவாரணி மாத்திரைகள் போன்ற அபினி வகைகளை நிறுத்தும்போது உடல்வலி, வயிற்றுப்போக்கு, மூக்கு ஒழுகுதல், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வாட்டும். உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் உயிருக்கு ஆபத்து குறைவு. உண்மையான ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன். கொக்கைன், ஆம்ஃபெட்டமின் போன்ற ஊக்கிகளை விட்டவர்களுக்குச் சில நாள் கடும் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று அருகில் இருப்பவர் கவனிக்க வேண்டும். கஞ்சாவையும் புகையிலையையும் நிறுத்துவது எரிச்சலையும் தூக்கக் கேட்டையும் தரும். ஆனால் ஒரேயடியாக நிறுத்துவதில் உடலுக்கு ஆபத்தில்லை.

கேள்வி: நச்சு நீக்கம் முடிந்தால் சிகிச்சை முடிந்துவிடுமா?

முடியாது. ‘ஒரு வாரம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையோடு வரும் குடும்பங்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. நச்சு நீக்கம் உடலைப் பொருளிலிருந்து பாதுகாப்பாகப் பிரிக்கிறது; பழக்கத்தைத் தூண்டும் நேரம், இடம், மனநிலை எதையும் அது தொடுவதில்லை.

அபினி வகைகளைப் பொறுத்தவரை வெறும் நச்சு நீக்கம் தீங்காகவே முடியலாம். சில நாள் எடுக்காமல் இருந்தாலே உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்தவர், முன்பு தனக்குப் பழக்கமாயிருந்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். அதனால்தான் இவர்களுக்கு நீண்டகால மருந்துச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அளவு மீறியதால் மூச்சு அடங்கும்போது அதை மீட்கும் நலாக்சோன் மருந்தைக் கிடைக்கும் இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். அதன் பலன் விரைவில் தேய்ந்துவிடலாம் என்பதால், கொடுத்த பிறகும் அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

கேள்வி: மருந்து சாப்பிடுவது ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்குப் போவது ஆகாதா?

அபினி வகைப் பழக்கத்துக்குத் தரப்படும் மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் ஆகியவற்றைப் பற்றித்தான் இந்தக் கேள்வி பெரும்பாலும் வருகிறது. இரண்டுமே அபினி வகையைச் சேர்ந்தவை என்பது உண்மை. ஆனால் மெதுவாக வேலை செய்து நெடுநேரம் நிலைத்திருப்பதால், ஏற்ற இறக்கமில்லாத நிலையில் உடலை வைத்திருக்கின்றன; ஏங்குவதும் தேடி அலைவதும் நின்று, மனிதர் வேலைக்குப் போகவும் உறங்கவும் முடிகிறது. சார்பு நோய் என்பது கட்டுப்பாடு இழந்து தீங்கை மீறித் தொடர்வது. மருத்துவர் குறித்த அளவில் மருந்து சாப்பிடுவதில் அந்தக் கூறு இல்லை. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் தன் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இவற்றை எடுத்துக்கொள்ளும் காலத்தில் இறப்பு கணிசமாகக் குறைகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. ‘மருந்தையும் விட்டால்தான் உண்மையான குணம்’ என்று உறவினர் அவசரப்படுத்துவது நல்லெண்ணத்தால்தான் என்றாலும், அது உயிரோடு விளையாடுவது.

மதுவுக்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், டிஸல்ஃபிரம் ஆகியவை உள்ளன. முதல் இரண்டும் ஏக்கத்தைத் தணிக்க உதவுபவை; மூன்றாவதைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன். நால்ட்ரெக்சோன் தொடங்குபவர் அதற்கு முன் 7 முதல் 10 நாள்களாவது எந்த அபினி வகை மருந்தும் எடுக்காமல் இருந்திருக்க வேண்டும். அகாம்ப்ரோசேட்டுக்குச் சிறுநீரகம் நன்றாக இயங்க வேண்டும். கஞ்சாவுக்கும் ஊக்கிகளுக்கும் இப்படி நிலைபெற்ற மருந்து இதுவரை இல்லை. அங்கே உளவியல் சிகிச்சைதான் அடிப்படை.

கேள்வி: அவருக்குத் தெரியாமல் உணவில் மருந்து கலந்து கொடுக்கலாமா?

கூடவே கூடாது. இப்படிக் கலந்து கொடுக்கப்படுவது பெரும்பாலும் டிஸல்ஃபிரம். மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறி, பிறகு கரைந்து போகிறது. இந்த மருந்து அந்த இரண்டாவது படியை அடைத்துவிடுகிறது. தெரியாமல் மருந்து சாப்பிட்டவர் வழக்கம்போல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து விழலாம். இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம். மருந்தை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கும். முழு விவரமும் தெரிந்து, தானே விரும்பி, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழிந்தவருக்கு மட்டுமே தருவதற்கான மருந்து இது. பெயர் சொல்லாமல் விற்கப்படும் ‘குடியை மறக்கடிக்கும்’ பொடிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கேள்வி: அவர் வர மறுக்கிறார். குடும்பத்தார் மட்டும் வரலாமா?

வரலாம், பல நேரங்களில் சிகிச்சை அப்படித்தான் தொடங்குகிறது. பழக்கம் உள்ளவர் போதையில் இல்லாத நேரத்தில் அன்பாகவும் சுருக்கமாகவும் பேசுவது, அவர் குடிக்காத மாலைகளைக் கவனித்துப் பாராட்டுவது, குடியால் வந்த விளைவுகளை நாம் மூடி மறைக்காமல் அவரே எதிர்கொள்ள விடுவது, அவர் மனம் இளகும் வேளை பார்த்துச் சிகிச்சை பற்றிச் சொல்வது ஆகியவற்றைக் குடும்பத்தாருக்குக் கற்றுத்தரும் முறை ஒன்றை ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கினார். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 விழுக்காட்டினர், சிகிச்சைக்கு வர மறுத்திருந்தவரை வர வைத்தனர். எல்லோரும் கூடி உட்கார்ந்து நேருக்கு நேர் குற்றம் சுமத்தும் முறையில் அது 30 விழுக்காடு. அழுகை, மிரட்டல், சத்தியம் வாங்குதல் ஆகிய மூன்றையும் கைவிடுவது குடும்பத்துக்கு எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும்; ஆனாலும் அவை பயன் தருவதாக நான் கண்டதில்லை.

வீட்டில் அடிதடி இருந்தால் கதையே வேறு. அப்போது முதலில் பேச வேண்டியது உங்களுடைய, குழந்தைகளுடைய பாதுகாப்பைப் பற்றித்தான்.

கேள்வி: உள்நோயாளியாகச் சேர வேண்டுமா?

பெரும்பாலோருக்குத் தேவையில்லை. முன்பு விலகலின்போது வலிப்போ மனக்குழப்பமோ வந்தவர்கள், கடுமையான உடல்நோயோ மனநோயோ உள்ளவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், பல பொருள்களை ஒன்றாக எடுப்பவர்கள், வீட்டில் துணைக்கு ஒருவரும் இல்லாதவர்கள் ஆகியோருக்குச் சேர்வது நல்லது. கருவுற்றிருப்பவர் எந்தப் பொருள் எடுத்தாலும் தாமதமின்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; குறிப்பாக அபினி வகைகளைத் திடீரென நிறுத்துவது கருவுக்குத் தீங்காகலாம் என்பதால், அவர்களுக்கு மெத்தடோனோ பியூப்ரெனார்ஃபினோ கொடுத்து நிலைப்படுத்துவார்கள்.

கேள்வி: ஒரு மையம் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நேரில் போய்ப் பாருங்கள், கூச்சமின்றிக் கேளுங்கள். மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? என்னென்ன மருந்து கொடுக்கிறார்கள், அதை எழுத்தில் தருவார்களா? குடும்பத்தார் எப்போது சந்திக்கலாம்? நோயாளி போக விரும்பினால் என்ன நடைமுறை? வெளியே வந்தபின் தொடர் சிகிச்சை உண்டா?

நூற்றுக்கு நூறு குணம் என்று உறுதி தருபவர்கள், ஆள் அனுப்பிக் கட்டித் தூக்கி வருவதைச் சேவையாகச் சொல்பவர்கள், சங்கிலி, அடி, பட்டினி ஆகியவற்றை ஒழுக்கப் பயிற்சி என்று பேசுபவர்கள், மாதக் கணக்கில் குடும்பத்தைப் பார்க்க விடாதவர்கள் இருக்கும் இடத்திலிருந்து திரும்பிவிடுங்கள். சிகிச்சை தன் விருப்பத்தின்பேரில், மனித உரிமைகளை மதித்து, சான்றுகளின் அடிப்படையில் நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் 2020-இல் இணைந்து வெளியிட்ட பன்னாட்டுத் தரநெறிகள் சொல்கின்றன.

கேள்வி: நான் சொல்வது வெளியே தெரியுமா?

மருத்துவ இரகசியம் இங்கும் பொருந்தும். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்ற சில சூழல்களில் மட்டும் விலக்கு உண்டு. முதலாளியிடமோ வீட்டாரிடமோ எதைச் சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது உங்கள் உரிமை.

கேள்வி: சிகிச்சை எவ்வளவு காலம்? இடையில் மறுபடி எடுத்துவிட்டால்?

மூன்று மாதத்துக்குக் குறைவான சிகிச்சை பெரும்பாலோருக்குப் போதுவதில்லை. தொடர் சந்திப்புகள் ஓராண்டோ அதற்கு மேலோ நீளலாம். எந்த வேளையில், யாருடன் இருக்கும்போது, என்ன மனநிலையில் ஏக்கம் கிளம்புகிறது என்று பதிவு செய்து மாற்று வழிகளைப் பழகும் அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை ஒரு பக்கம்; அதே வழியில் நடந்து வந்தவர்கள் கூடும் குழுக்கள் மறுபக்கம். 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அத்தகைய குழுக்களில் பழமையானது; கட்டணம் இல்லை. அதன் ஆன்மிகச் சாயல் சிலருக்கு ஒட்டாது. ஒட்டாவிட்டால் வேறு குழு பார்க்கலாம்.

சறுக்கல் நேர்வது வழக்கமே. சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் பயன்படுத்துகிறார்கள் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றில் நோய் திரும்புவதும் ஏறக்குறைய இதே அளவில்தான் இருக்கிறது. ஒருநாள் குடித்துவிட்டால் ‘எல்லாம் போயிற்று’ என்று அடுத்த சந்திப்பைத் தவிர்ப்பதுதான் சறுக்கலை வீழ்ச்சியாக மாற்றுகிறது. மறுநாளே வாருங்கள். திட்டுவதற்கு அங்கே யாரும் காத்திருக்க மாட்டார்கள். மருந்தின் அளவு போதவில்லையா, எந்தச் சூழலைக் கணிக்கத் தவறினோம் என்றுதான் பேசுவார்கள்.

கேள்வி: முதல் சந்திப்புக்கு இன்னும் சில நாள் இருக்கின்றன. அதுவரை என்ன செய்வது?

நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தாமல், அளவை ஏற்றவும் செய்யாமல், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்து வரலாம். மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள ஆவணம் வேறில்லை. மதுவோடு தூக்க மாத்திரையையோ வலிநிவாரணியையோ சேர்க்காதீர்கள். அபினி வகை எடுப்பவர் தனியாக இருக்கும்போது எடுக்காதிருப்பதும், ஊசியைப் பகிர்ந்துகொள்ளாதிருப்பதும் உயிர் காக்கும். இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும், பழைய மருத்துவக் குறிப்புகள் இருந்தால் அவற்றையும், அடையாள அட்டையையும் ஒரு பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்து வரலாம். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் அவரைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லலாம். கை நடுங்காமல் கிளம்பிவர வேண்டும் என்பதற்காக அன்று காலை சிறிது குடித்திருந்தாலும் சந்திப்பை ரத்து செய்யாமல் வந்துவிடுங்கள். வண்டியை மட்டும் வேறொருவர் ஓட்டட்டும், குடித்ததை உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுங்கள்.